காலை டிவியில் ‘சர்க்கரை குணமாகும்’ நிகழ்ச்சிகள்: தடுக்க வேண்டியது யார்?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் பெரிய மாமாவுக்குப் போன மாதம் இடது கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். பல வருடமாகச் சர்க்கரை இருந்தாலும் மாத்திரை, நடை, கோதுமை தோசை என்று ஒழுங்காக இருந்த மனிதர். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணக்கு வழக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. அவரை ஏமாற்றியது காலையில் டிவியில் வரும் ஒரு அரை மணி நேர நிகழ்ச்சி.

அந்த நிகழ்ச்சியைப் பிறகு நானும் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். செய்திக்கும் ராசிபலனுக்கும் நடுவில் வருகிறது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஒருவர், எதிரே பட்டுப்புடவையில் தொகுப்பாளர். "ஐயா, சர்க்கரைக்கு ஆயுசு பூரா மாத்திரை சாப்பிடணும்னு சொல்றாங்களே?" என்று அந்தப் பெண் கேட்கிறார். "அதெல்லாம் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதைம்மா" என்கிறார் அவர். அடுத்து போனில் ஒரு நேயர்: 340 இருந்தது, இப்போது 110, மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டேன், தினமும் மாம்பழம் சாப்பிடுகிறேன். கைதட்டல். திரையின் கீழே போன் நம்பர் பெரிதாக ஓடிக்கொண்டே இருக்கிறது. ‘இது விளம்பரதாரர் நிகழ்ச்சி, இதில் வரும் கருத்துகளுக்குச் சேனல் பொறுப்பல்ல’ என்ற வரி மட்டும் ஆரம்பத்தில் பொடி எழுத்தில் வந்து, படித்து முடிப்பதற்குள் போய்விடுகிறது. மாமாவுக்குக் கண்புரை வேறு.

மூன்று மாதப் பொடிக்கு 9,600 ரூபாய் கட்டி கூரியரில் வரவழைத்திருக்கிறார். வீட்டில் மூச்சு விடவில்லை. "மாத்திரையும் சாப்பிட்டுக்கிட்டு இதையும் சாப்பிட்டா பொடி வேலை செய்யாது, முதல்ல அதை நிறுத்துங்க" என்று போனில் பேசியவர் சொன்னாராம். காலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் போனபோதுதான் அத்தைக்கு விஷயமே தெரிந்தது.

பொடி விற்றவன் பொய் சொன்னான், அது தெரிந்ததுதான். அந்தப் பொய்க்கு அரை மணி நேரத்தை விற்ற சேனலுக்குப் பொறுப்பு கிடையாதா? தினமும் காலையில் ஊரறிய நடப்பதைத் தடுக்க அரசாங்கத்தில் ஒரு ஆள் கூடவா இல்லை? சட்டம் தெரிந்தவர்கள், மருந்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கொங்குத்தேர்

உங்கள் மாமா சீக்கிரம் நலம்பெற வேண்டும். ஆனாலும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. படித்தவர், வங்கியில் இருந்தவர். பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாத்திரையை நிறுத்தியது யார்? விளம்பரம் என்றால் மிகைப்படுத்தத்தான் செய்வான். வாங்குகிறவன்தான் விழிப்பாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அரசு வந்து கையைப் பிடிக்கணும் என்றால் எப்படி?

---

வைகைக்கரை

சேலை வாங்கினால் தடவிப் பார்க்கலாம். கத்தரிக்காயைக் கிள்ளிப் பார்க்கலாம். அங்கே விழிப்பாக இரு என்று சொல்வது நியாயம். ஒரு பொடி கணையத்தில் என்ன செய்கிறது என்பதை எந்த வாடிக்கையாளர் எப்படிப் பார்ப்பார்? ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது வலிக்காது. வலிக்கிறபோது நரம்பு, கண், சிறுநீரகம் என்று எங்கோ சேதம் ஆகியிருக்கும். வாங்குகிறவரால் சோதிக்கவே முடியாத பொருளை, அவருக்குப் பதிலாக வேறு யாராவது சோதித்துத்தான் ஆக வேண்டும். நான் கேட்பது அதைத்தான்.

டாக்டரைக் கேட்கவில்லை என்கிறீர்கள். அவர் கேட்டார் அண்ணா. ஸ்டெதஸ்கோப் மாட்டியிருந்தவரைக் கேட்டார்.

---

சட்டக்கல்

வழக்கறிஞர், நுகர்வோர் வழக்குகள் பார்ப்பவன். உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன்: அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பானதே குற்றம். பொடி வேலை செய்ததா இல்லையா என்று பார்க்கக்கூடத் தேவையில்லை.

1954-ம் வருடத்து மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் இருக்கிறது. அதன் அட்டவணையில் 54 நோய்கள், குறைபாடுகள். இவற்றைக் குணமாக்கும், தடுக்கும் என்று எந்த மருந்துக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக்கூடாது. நீரிழிவு அதில் இருக்கிறது. புற்றுநோய், ரத்த அழுத்தம், கண்புரை, வெண்குஷ்டம், உடல்பருமன், ஆண்மைக்குறைவு எல்லாம் இருக்கிறது. ஆளின் உயரம்கூட இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு சுவர்களில் ‘மாதந்தோறும் 5-ம் தேதி இந்த லாட்ஜில் வைத்தியர் முகாம்’ என்று ஒட்டுகிறார்களே, அதில் பாதிக்கு மேல் இந்த அட்டவணைச் சரக்குதான்.

இந்தியாவில் டிவி வந்ததே 1959-ல். அதற்கு முன்பே எழுதிய சட்டம் ‘விளம்பரம்’ என்பதை எப்படி விளக்குகிறது பாருங்கள்: துண்டறிக்கை, லேபிள், உறை, வாயால் சொல்வது, ஒளி, ஒலி, புகை வழியாகப் பரப்புவது என எல்லாமே அடக்கம். ஆக டிவிக்குப் பொருந்தாது என்று யாரும் நழுவ முடியாது. விளம்பரத்தை வெளியிடுவதில் எந்த வகையில் பங்கெடுத்தாலும் குற்றம் என்பதுதான் பிரிவு 3. போலீஸ் தானாகவே வழக்குப் பதியக்கூடிய குற்றமும்கூட. தண்டனைதான் அற்பம். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். அடுத்த முறை ஒரு வருடம் வரை.

பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று சொல்லி இந்தச் சட்டத்தை எதிர்த்து ஹம்தர்த் தவாகானா நிறுவனம் அப்போதே உச்ச நீதிமன்றம் போனது. 1959-ல் தீர்ப்பு. சில பகுதிகளை நீக்கினாலும், இப்படிப்பட்ட மருந்து விளம்பரத்துக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது சட்டக் கேள்வி தீர்ந்து அறுபது வருடத்துக்கு மேலாகிறது. மிச்சம் இருப்பது அமல்படுத்துகிற கேள்வி மட்டும்.

---

மாத்திரைப்பெட்டி

இருபது வருடமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். மாதாமாதம் வருகிற சர்க்கரை நோயாளிகளில் ஒருவர் திடீரென்று வருவதை நிறுத்துவார். வேறு கடைக்குப் போயிருப்பார் என்று நினைப்போம். சில மாதம் கழித்து அவர் மகனோ மகளோ இன்சுலின் சீட்டோடு வந்து நிற்பார்கள். டிவியில் பார்த்து ஏதோ வாங்கினாராம் என்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டு மனசு மரத்துப் போகக்கூடாது என்று நினைக்கிறேன், அவ்வளவு அடிக்கடி கேட்கிறேன்.

இன்னொன்றையும் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மாதிரிப் பொடிகளில் சிலவற்றில், சர்க்கரைக்கு நாங்கள் விற்கும் அதே ஆங்கில மருந்தை ரகசியமாகக் கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. மூட்டுவலிப் பொடி என்றால் ஸ்டீராய்டு. அதனால்தான் முதல் இரண்டு வாரம் ‘அட, கேட்கிறதே’ என்று தோன்றும். அளவு தெரியாமல் உள்ளே போகிற மருந்து திடீரென்று சர்க்கரையைத் தாழ்த்தி மயக்கம் போட வைக்கும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும்.

சிறு வயதிலேயே வரும் முதல் வகைச் சர்க்கரைக் குழந்தைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாளில் உயிருக்கே ஆபத்து. எந்த நிகழ்ச்சியில் யார் என்ன சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

---

திருமூலர்வழி

நான் சித்த மருத்துவன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை வருடம் படித்துப் பட்டம் வாங்கியவன். இந்த இழை போகிற திசையில் சித்த மருத்துவமே மோசடி என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எங்களிடம் வரும் நீரிழிவு நோயாளியிடம் முதலில் கேட்பது, இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தீர்கள் என்பதுதான். நாடி பார்ப்போம், ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியும் பார்ப்போம். மாத்திரையை ஒரே நாளில் நிறுத்து என்று சொல்கிறவர் எந்த மருத்துவ முறையைச் சேர்ந்தவராக இருந்தாலும் மருத்துவர் அல்ல. நோயாளியைப் பார்க்காமலே போன் பேசி, ஊர் முழுக்க ஒரே பொடியை அனுப்புவது சித்த மருத்துவத்துக்கே விரோதமானது. ஆளுக்கு ஆள் உடல்வாகு மாறும், மருந்தும் மாறும் என்பது எங்கள் முதல் பாடம்.

எங்கள் துறைக்கென்றே ஒரு நல்ல விதி வந்தது. 2018 டிசம்பரில் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் 170-வது விதியைச் சேர்த்தார்கள். மாநில உரிம அதிகாரி அனுமதித்து எண் கொடுக்காமல் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்து எதற்கும் விளம்பரம் செய்யக்கூடாது என்றது அது. நான் மனதார வரவேற்றேன். போலிகள் ஒழிந்தால் முதலில் பலன் எங்களுக்குத்தான். ஆனால் 2023 ஆகஸ்டில் ஆயுஷ் அமைச்சகமே, இந்த விதியின் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 2024 ஜூலையில் விதியையே நீக்கியது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை போட்டது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடிந்தபோது அந்தத் தடையும் விலகிவிட்டது, விதி போனது போனதுதான்.

ஒரு ஆதங்கமும் உண்டு. ஆங்கில மருத்துவர் தனக்காக விளம்பரம் செய்யக்கூடாது என்று அவர்களுடைய நெறிமுறை சொல்கிறது. ஆனால் பெரிய மருத்துவமனைகள் வைக்கும் பேனர்களையும் ‘நூறு சதவீத வெற்றி’ என்கிற குழந்தையின்மை மைய விளம்பரங்களையும் யார் கேட்கிறார்கள்? கேட்டால் எல்லோரையும் கேளுங்கள்.

---

சட்டக்கல்

மருத்துவர் ஐயா சொன்ன வழக்கு பலருக்கும் ‘பதஞ்சலி வழக்கு’ என்றால் தெரியும். சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

பதஞ்சலி ஆயுர்வேத நிறுவனத்தின் விளம்பரங்களை எதிர்த்து 2022-ல் இந்திய மருத்துவச் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. 2023 நவம்பரில், பொய்யாகக் குணமாகும் என்று சொல்லும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோடி ரூபாய் வரை விதிக்க வேண்டியிருக்கும் என்று நீதிமன்றம் எச்சரித்தது. இனி செய்யமாட்டோம் என்று நிறுவனத்தின் தரப்பில் உறுதி கொடுத்தார்கள். விளம்பரங்கள் தொடர்ந்தன. 2024 பிப்ரவரியில் நீதிமன்ற அவமதிப்பு நோட்டீஸ். நிறுவனம் கேட்ட மன்னிப்பை நீதிபதிகள் ஹிமா கோலி, அசானுதீன் அமானுல்லா அமர்வு ஏப்ரலில் திருப்பி அனுப்பியது. 67 பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியிட்டோம் என்று வந்தபோது, நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் விளம்பரத்தின் அளவில்தான் இதுவும் இருந்ததா என்று கேட்டார்கள். அந்த ஏப்ரலில்தான் உத்தராகண்ட் உரிம அதிகாரி 14 தயாரிப்புகளின் உரிமத்தை நிறுத்திவைத்தார். உச்ச நீதிமன்றம் உலுக்கும்வரை அசையாத அலுவலகம் அது.

மே 7-ம் தேதி உத்தரவுதான் முக்கியம். விளம்பரத்தில் பொய்யில்லை என்று விளம்பரதாரர் சுய உறுதிச் சான்று தந்த பிறகே வெளியிட வேண்டும், நடிக்கும் பிரபலங்களுக்கும் சமபொறுப்பு உண்டு என்றது. முதலில் எல்லா விளம்பரத்துக்கும் என்று வந்தது, ஜூலையில் மத்திய அரசின் அறிவுரைப்படி உணவு, உடல்நலம் சார்ந்தவற்றுக்கு மட்டும், வருடத்துக்கு ஒரு முறை கொடுத்தால் போதும் என்று சுருங்கியது. என் கருத்தில் இது போதாது. பொய் சொல்லத் துணிந்தவன் சான்றிலும் பொய் எழுதுவான்.

---

பிம்பக்கூடு

சேனல் பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். ஒரு சின்ன சேனலின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தேன், இந்த நிகழ்ச்சிகள் பிடிக்காமல்தான் வெளியே வந்தேன்.

காலை நேர ஸ்லாட்டை மாதக்கணக்கில் மொத்தமாக விற்றுவிடுவார்கள். நிகழ்ச்சியை மருந்துக் கம்பெனியே எடுத்து, எடிட் பண்ணி, ஹார்டு டிஸ்க்கில் கொண்டுவந்து கொடுக்கும். எங்கள் பக்கம் பார்ப்பது நேரம் சரியாக இருக்கிறதா, உரிமை வாங்காத சினிமாப் பாட்டு எதுவும் இருக்கிறதா என்பதை மட்டும். உள்ளே என்ன சொல்கிறார்கள் என்று எவரும் பார்க்கமாட்டார்கள். தொகுப்பாளரும் கம்பெனி அமர்த்திய ஆள்தான். நேயர் அழைப்பு என்று வருவது பெரும்பாலும் பக்கத்து அறையிலிருந்து அவர்கள் ஆபீஸ் பையன்களே பேசுவது. ஒரே குரல் ஒரு நாள் சேலத்திலிருந்தும் இன்னொரு நாள் காரைக்குடியிலிருந்தும் பேசும்.

கேபிள் டிவி விதிகள் 1994-ல் 7-வது விதி இருக்கிறது. விளம்பரம் எது நிகழ்ச்சி எது என்று பார்க்கிறவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். அதிசயமான, இயற்கைக்கு மீறிய சக்தி இருப்பதாகச் சொல்லும் விளம்பரத்தை ஒளிபரப்பக்கூடாது. இரண்டையும் காற்றில் விட்டுவிட்டுத்தான் மாதச் சம்பளம் ஓடுகிறது. சின்ன சேனல்களுக்கு இந்த வருமானம் போனால் மூடவேண்டியதுதான் என்று மேலே உள்ளவர்கள் சொல்வார்கள். ஒருவர் கால்விரலை இழந்துதான் சேனல் ஓட வேண்டும் என்றால் மூடட்டும்.

---

கொங்குத்தேர்

நேயர் அழைப்பு விஷயம் எனக்குப் புதிது. அது நேரடி மோசடி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் முன்அனுமதி என்று எல்லோரும் சொல்வதில் ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அதிகாரியிடம் போய் நிற்கணும் என்றால் பெரிய கம்பெனிக்காரன் ஆள் வைத்து முடித்துவிடுவான். ஈரோட்டில் மஞ்சள் தூள் அரைத்து விற்கும் சிறுதொழில்காரர் ஃபைல் நகரக் காசு கொடுத்துக்கொண்டிருப்பார். பொய்யும் நிற்காது, லஞ்சம் மட்டும் கூடும்.

---

வைகைக்கரை

நியாயமான பயம். மஞ்சள் தூளுக்கு யாரும் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. அதே மஞ்சள் தூள் புற்றுநோயைக் குணமாக்கும் என்று பாக்கெட்டில் எழுதினால்தான் கேட்கச் சொல்கிறேன். நோயின் பெயரைச் சொல்லி விற்கிறவனிடம் ஆதாரம் எங்கே என்று கேட்பது சிறுதொழிலுக்கு எதிரானது ஆகாது. நேர்மையாக அரைத்து விற்பவரின் வியாபாரத்தைக் கெடுப்பவனும் அந்தப் பொய்க்காரன்தானே.

அனுமதியை அதிகாரி ஒருவர் கையில் கொடுக்காமல், ஆதாரக் கோப்பைப் பொதுவில் வைக்கச் சொல்லலாம். எந்த ஆய்வு, எத்தனை பேரிடம், எங்கே செய்தது என்று இணையத்தில் போடட்டும். கோப்பு இல்லாமல் சேனல் ஒளிபரப்பினால் சேனலுக்கும் அபராதம். இதற்கு யார் கையிலும் காசு வைக்க வேண்டியதில்லை.

---

பாலாற்றுமணல்

மருந்தை மட்டும் சொல்கிறோம், பிள்ளைகள் குடிக்கும் பானங்களை விட்டுவிட்டோம். 2008-ல் பிரிட்டனில் தெற்காசியச் சேனல்களில் வந்த ஹார்லிக்ஸ், காம்ப்ளான் விளம்பரங்களை அங்குள்ள விளம்பர ஒழுங்குமுறை அமைப்பு தடை செய்தது. பிள்ளைகள் உயரமாக, வலிமையாக, கூர்மையாக வளர்வார்கள் என்பதற்கு ஆதாரம் காட்டவில்லை என்பதுதான் காரணம். அந்த மாதிரி விளம்பரங்களைப் பார்த்துத்தான் என் தலைமுறை டம்ளர் டம்ளராகக் குடித்து வளர்ந்தது. இங்கே போர்ன்விட்டா போன்றவற்றை ‘ஹெல்த் டிரிங்க்’ பிரிவிலிருந்து எடுக்கச் சொல்லி ஆன்லைன் கடைகளுக்கு அரசு சொன்னது 2024 ஏப்ரலில். அங்கே உள்ள பிள்ளைக்குப் பொய்யானது இங்கே உள்ள பிள்ளைக்கு மட்டும் எப்படி மெய்யாகும்?

---

மலைநாட்டான்

நடிகர்கள் பொறுப்பு பற்றி ஒன்று. திருச்சூர் நுகர்வோர் மன்றத்தில் ஒருவர், 376 ரூபாய் கொடுத்து வாங்கிய தலைமுடி கிரீம் விளம்பரத்தில் சொன்ன மாதிரி முடி வளர்க்கவில்லை என்று வழக்குப் போட்டார். விளம்பரத்தில் நடித்த மலையாள நடிகரை விசாரித்தபோது, தான் அதைப் பயன்படுத்தியதே இல்லை, அம்மா காய்ச்சித் தரும் எண்ணெயைத்தான் தேய்ப்பதாகச் சொன்னார். 2020 கடைசியில் தீர்ப்பு வந்தது. கம்பெனிக்கும் நடிகருக்கும் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். பொருள் வாங்கியது 2012-ல்! தொகை சிறிதுதான். ஆனாலும் பயன்படுத்தாத பொருளுக்கு முகத்தைக் கொடுத்தது தவறு என்று ஒரு மன்றம் சொல்லிவிட்டதே, எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

---

சட்டக்கல்

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இப்போது இதற்கு நேரடி வழி இருக்கிறது நண்பரே. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். நடித்தவர் வேறு விளம்பரங்களில் வரக்கூடாது என்று ஒரு வருடம், மறுமுறை மூன்று வருடம்வரை தடுக்கலாம். நடிகர் முன்கூட்டியே விசாரித்துப் பார்த்திருந்தால்தான் தப்பிக்க முடியும். 2022-ல் சென்சோடைன் பற்பசைக்கு 10 லட்சம் போட்டார்கள்.

கோடிக்கணக்கில் விளம்பரத்துக்கே செலவழிக்கும் கம்பெனிக்குப் பத்து லட்சம் எந்த மூலைக்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்கிறேன். அபராதம் விற்பனையில் இத்தனை சதவீதம் என்று இருந்தால்தான் உறைக்கும்.

வைகைக்கரை, நீங்கள் உடனே செய்யக்கூடியது இது. தவறான விளம்பரம் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரு நகல் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை இயக்குநரகத்துக்கு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சேனலையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். சேனலை விட்டுவிட்டால் அடுத்த மாதம் வேறு பெயரில் அதே பொடி வரும்.

---

மாத்திரைப்பெட்டி

டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மிச்சப் பொடியோடு அப்படியே இருக்கட்டும், சோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். லேபிளில் உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, தயாரித்த இடத்தின் முகவரி இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். கூரியர் ரசீது, பணம் கட்டிய விவரம் இரண்டும் வேண்டும்.

---

பிம்பக்கூடு

நிகழ்ச்சியைப் பதிவு செய்யும்போது சேனல் லோகோ, தேதி, நேரம் தெரிகிற மாதிரி எடுங்கள். ஆரம்பத்தில் வரும் அந்தப் பொடி எழுத்து வரியையும் விடாமல் எடுங்கள். எத்தனை நொடி காட்டினார்கள் என்பது பிறகு தேவைப்படும்.

---

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. டப்பா இருக்கிறது. இப்போதுதான் அத்தையிடம் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். தயாரித்த தேதி இருக்கிறது, முகவரியில் ஊர்ப் பெயர் மட்டும் இருக்கிறது, உரிம எண் எங்கும் இல்லை.

---

சட்டக்கல்

உரிமம் இல்லாமல் மருந்து தயாரிப்பது தனிக் குற்றம், அதையும் மனுவில் தனிப் பத்தியாக எழுதுங்கள். வரைவை இங்கேயே போடுங்கள், இன்று இரவுக்குள் பார்த்துத் தருகிறேன்.

---

கொங்குத்தேர்

எங்கள் வீட்டில் அம்மாவும் அதே நேரத்தில் வேறொரு சேனலில் மூட்டுவலி நிகழ்ச்சி பார்க்கிறார். நாளைக்குப் பதிவு செய்கிறேன். அந்த வரைவு வந்ததும் ஈரோட்டில் நானும் ஒரு மனு கொடுக்கிறேன்.